ஆஸ்டியோபதி என்றால் என்ன? முதுகு வலிக்கு உண்மையிலேயே பலன் தருமா? யாரெல்லாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?

2020-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். அமெரிக்க அதிபர் டொனால்ட் டிரம்ப் கொரோனா தொற்றுடன் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டிருந்தார். மருத்துவமனை வாசலில் வெள்ளை கோட்டுடன் வந்து நின்று அவரது உடல்நிலையை விளக்கினார் வெள்ளை மாளிகை மருத்துவர் ஷான் கான்லி. அவர் சொன்ன தகவல்களைத் தாண்டி, அவர் பெயருக்குப் பின்னால் இருந்த இரண்டு எழுத்துகள் பேசுபொருளாகின. அந்த எழுத்துகள், 'டி.ஓ.'

'எம்.டி. இல்லையா? அப்போ இவர் உண்மையான டாக்டர்தானா?' என்று சமூக ஊடகங்களில் பலர் கேள்வி எழுப்பினர். டி.ஓ. என்பது ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம். கான்லிக்குப் பிறகு ஜோ பைடனின் மருத்துவராக இருந்த கெவின் ஓ'கானரும் டி.ஓ.தான். 2025-ல் டிரம்ப் மீண்டும் அதிபரானபோது வெள்ளை மாளிகை மருத்துவராக வந்த ஷான் பார்பபெல்லாவும் டி.ஓ.தான்.

அதே நேரம் பிரிட்டனுக்குப் போனால், 'ஆஸ்டியோபத்' என்று பலகை வைத்திருப்பவர் உங்களுக்கு மருந்துச் சீட்டு எழுதித் தர மாட்டார். அறுவை சிகிச்சையும் செய்ய மாட்டார். முதுகையும் கழுத்தையும் கைகளால் அழுத்தி, நீவி, அசைத்துச் சிகிச்சை தருவதே அவர் வேலை.

ஒரே பெயர், ஆனால் வேலை வேறு. இந்தக் குழப்பம் ஏன் வந்தது? ஆஸ்டியோபதியால் நோயாளிக்கு என்ன பலன்? எங்கே கவனமாக இருக்க வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

ஆஸ்டியோபதி எப்படித் தொடங்கியது?

கிரேக்க மொழியில் 'ஆஸ்டியான்' என்றால் எலும்பு, 'பேத்தோஸ்' என்றால் துன்பம். இரண்டையும் சேர்த்து உருவான பெயர்தான் ஆஸ்டியோபதி. இந்தப் பெயரை வைத்தவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற அமெரிக்க மருத்துவர். 1828-ல் வர்ஜீனியாவில் பிறந்தவர்.

1864-ல் மூளை, தண்டுவட உறைகளைத் தாக்கும் மூளைக்காய்ச்சல் நோய்க்கு ஸ்டில் தன் மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்தார். தானே மருத்துவராக இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. அன்றைய மருத்துவத்தின் மீது அவருக்கு இருந்த நம்பிக்கை அத்தோடு போனது.

அதில் நியாயமும் இருந்தது. அது ஆன்டிபயாடிக் இல்லாத காலம். உடலிலிருந்து ரத்தத்தை வெளியேற்றுவது, பாதரசம் கலந்த மருந்து கொடுப்பது, அபின் கொடுப்பது இதெல்லாம்தான் அன்றைய வழக்கமான சிகிச்சைகள். நோயைவிட மருந்தே ஆளைக் கொன்ற சம்பவங்கள் ஏராளம்.

மருந்தை ஒதுக்கிவிட்டு உடலமைப்பைப் படிக்கத் தொடங்கினார் ஸ்டில். எலும்பு, தசை, மூட்டு ஆகியவை ஒழுங்காக இருந்தால் ரத்த ஓட்டம் சீராக இருக்கும், உடல் தன்னைத் தானே குணப்படுத்திக்கொள்ளும் என்பது அவர் கருத்து. 1874-ல் இதை வெளிப்படையாக அறிவித்தார். 1892-ல் மிசௌரி மாகாணத்தின் கிர்க்ஸ்வில் நகரில் முதல் ஆஸ்டியோபதி கல்லூரியைத் தொடங்கினார். முதல் வகுப்பிலேயே பெண்களும் சேர்க்கப்பட்டார்கள்.

எல்லா நோய்க்கும் எலும்பு, தசைக் கோளாறே அடிப்படை என்ற அவரது பழைய கோட்பாட்டை இன்றைய அறிவியல் ஏற்கவில்லை. ஆனால் அவர் தொடங்கிய கைமுறைச் சிகிச்சை மட்டும் நிலைத்துவிட்டது.

ஒரே பெயர், இரண்டு வேலை: எப்படி?

அமெரிக்காவில் ஆஸ்டியோபதி கல்லூரிகள் காலப்போக்கில் மருந்து, அறுவை சிகிச்சை எல்லாவற்றையும் பாடத்திட்டத்தில் சேர்த்துக்கொண்டன. ஆனாலும் எம்.டி. மருத்துவர்கள் அவர்களை நெடுங்காலம் சமமாக ஏற்கவில்லை.

இந்த மோதலின் உச்சம் கலிஃபோர்னியாவில் நடந்தது. 1960-களின் தொடக்கத்தில் அங்கு இரு தரப்பு சங்கங்களும் இணைந்தன. 65 டாலர் கட்டணம் செலுத்திய டி.ஓ. மருத்துவர்களுக்கு எம்.டி. பட்டம் வழங்கப்பட்டது. புதிதாக டி.ஓ. உரிமம் தருவதையே மாகாணம் நிறுத்திவிட்டது. 1974-ல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் அந்த உரிமம் மீண்டும் கிடைத்தது.

இன்று நிலைமை வேறு. அமெரிக்காவின் 50 மாகாணங்களிலும் டி.ஓ.க்களுக்கு எம்.டி.க்களுக்கு உள்ள அத்தனை உரிமைகளும் உண்டு. மருந்து எழுதலாம், அறுவை சிகிச்சை செய்யலாம், இதய நிபுணராகவோ குழந்தை மருத்துவராகவோ ஆகலாம். 2020 முதல் இரு தரப்புக்கும் மேற்பயிற்சிக்கான அங்கீகார முறையும் ஒன்றே. அமெரிக்க மருத்துவ மாணவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இப்போது ஆஸ்டியோபதி கல்லூரியில் படிக்கிறார்.

கூடுதலாக அவர்கள் படிப்பது கைமுறைச் சிகிச்சை. இதற்கு ஏறத்தாழ 200 மணி நேரப் பயிற்சி. ஆனால் வேலைக்கு வந்த பிறகு அதைப் பயன்படுத்துவோர் குறைவு. 2018-ல் நடத்தப்பட்ட ஒரு கணக்கெடுப்பில், பதிலளித்த டி.ஓ.க்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஒரு நோயாளிக்குக்கூட கைமுறைச் சிகிச்சை தருவதில்லை என்று சொன்னார்கள்.

அமெரிக்காவில் குடும்ப டாக்டர் தேடும் தமிழர்களுக்கு இந்த விவரம் உதவும். டாக்டர் பெயருக்குப் பின்னால் டி.ஓ. என்று இருந்தால் தயங்க வேண்டியதில்லை. நம்ம ஊரில் எம்.பி.பி.எஸ். முடித்த பிறகு படிக்கும் மேற்படிப்பு எம்.டி. அமெரிக்காவில் அப்படி இல்லை. அங்கே எம்.டி., டி.ஓ. இரண்டுமே அடிப்படை மருத்துவப் பட்டங்கள்.

அமெரிக்காவுக்கு வெளியே கதை வேறு மாதிரி போனது. பிரிட்டன், பிரான்ஸ், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் ஆஸ்டியோபதி என்பது கைமுறைச் சிகிச்சைத் தொழிலாகவே வளர்ந்தது. பிரிட்டனில் 1993-ல் இதற்கென்று தனிச் சட்டம் வந்தது. பொது ஆஸ்டியோபதி கவுன்சிலில் பதிவு செய்யாமல் 'ஆஸ்டியோபத்' என்று போட்டுக்கொண்டால் அங்கே குற்றம்.

ஆர்த்தோ, பிசியோ, கைரோபிராக்டிக்: என்ன வித்தியாசம்?

எலும்பு முறிவு, மூட்டு மாற்று அறுவை சிகிச்சை, ஜவ்வுக் கிழிசல் இவற்றைப் பார்ப்பவர் ஆர்த்தோ டாக்டர். நாம் 'எலும்பு டாக்டர்' என்று சொல்வது இவரைத்தான். பெயர் ஒலிப்பதில் கொஞ்சம் ஒற்றுமை இருந்தாலும் ஆஸ்டியோபதிக்கும் இதற்கும் தொடர்பில்லை.

பிசியோதெரபிஸ்ட் உடற்பயிற்சி, கைமுறைச் சிகிச்சை, கருவிகள் மூலம் உடல் இயக்கத்தை மீட்டுத் தருபவர். பக்கவாதம், அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய மறுவாழ்வு வரை இவர்களின் பணி நீள்கிறது.

கைரோபிராக்டிக் என்பது 1895-ல் அமெரிக்காவின் அயோவா மாகாணத்தில் டி.டி. பால்மர் தொடங்கிய வேறொரு முறை. இதில் முதுகெலும்பை 'நேராக்குவது'தான் முக்கியம். கழுத்தைத் திருப்பி 'படக்' என்று சத்தம் வரவைக்கும் ரீல்ஸ் வீடியோக்களில் பெரும்பாலும் நாம் பார்ப்பது இதைத்தான். ஆஸ்டியோபதியிலும் இந்த உத்தி உண்டு என்றாலும் அது பல உத்திகளில் ஒன்று மட்டுமே.

சிகிச்சை அறையில் என்ன நடக்கும்?

முதல் நாள் சந்திப்பு பொதுவாக முக்கால் மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை ஆகும். வலி எப்போது தொடங்கியது, எப்படி உட்காருகிறீர்கள், என்ன வேலை, வேறு நோய் உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று முதலில் கேட்பார்கள். குனிய, நிமிர, திரும்பச் சொல்லிப் பார்ப்பார்கள். பிறகு கைகளால் தடவி எங்கே இறுக்கம், எங்கே வலி என்று தேடுவார்கள்.

சிகிச்சையில் சில வகைகள் உண்டு. இறுகிப்போன தசையை மெல்ல அழுத்தி நீவுவது ஒன்று. மூட்டை அதன் இயல்பான எல்லைக்குள் மெதுவாக அசைத்துக் கொடுப்பது இன்னொன்று. சிகிச்சையாளரின் கைக்கு எதிராக நோயாளியைத் தள்ளச் சொல்லி, பிறகு தளர்த்தச் சொல்வது மூன்றாவது. திடீரென ஒரு சிறு உந்துதல் கொடுத்து மூட்டை விடுவிப்பது நான்காவது. சத்தம் வருவது இதில்தான்.

அந்தச் சத்தத்தைக் கேட்டதும் 'விலகியிருந்த எலும்பு இடத்துக்கு வந்துடுச்சு' என்று நினைப்பவர்கள் அதிகம். அது தவறு. மூட்டுகளுக்குள் ஒரு திரவம் இருக்கிறது. மூட்டு சட்டென விலகும்போது அழுத்தம் குறைந்து, அந்தத் திரவத்தில் வாயு நிறைந்த ஒரு வெற்றிடம் உருவாகிறது. 2015-ல் கனடா ஆய்வாளர்கள் விரலில் நெட்டி முறிக்கும்போது எம்.ஆர்.ஐ. எடுத்து இதைப் படம் பிடித்தார்கள். ஆக, சத்தம் வந்தால் குணம், வராவிட்டால் குணமில்லை என்று எதுவும் கிடையாது.

சிகிச்சைக்குப் பிறகு ஓரிரு நாள் லேசான வலியோ அசதியோ இருக்கலாம். அது சாதாரணம்.

சரி, பலன் இருக்கா?

முதலில் பிரச்சனை எவ்வளவு பெரியது என்று பார்ப்போம். உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி 2020-ல் உலகில் 61.9 கோடி பேர் கீழ் முதுகு வலியால் அவதிப்பட்டனர். 2050-ல் இது 84.3 கோடியாக உயரும் என்று அந்த அமைப்பு கணிக்கிறது. வேலை செய்ய முடியாமல் முடக்கிப்போடும் காரணங்களில் உலகளவில் முதலிடம் இதற்குத்தான். ஆஸ்டியோபதிக்கு ஆதாரம் ஓரளவு பலமாக இருப்பதும் இந்தக் கீழ் முதுகு வலியில்தான்.

1999-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியான ஆய்வு ஒன்று. முதுகு வலி நோயாளிகளில் ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பிரிவுக்கு அதோடு ஆஸ்டியோபதி கைமுறைச் சிகிச்சையும் தரப்பட்டது. 12 வாரம் கழித்துப் பார்த்தால் இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் குணமடைந்திருந்தார்கள். ஆனால் ஆஸ்டியோபதி பிரிவினர் எடுத்துக்கொண்ட வலி மாத்திரைகள் குறைவு.

2004-ல் பிரிட்டனில் 1,334 பேரிடம் நடந்த ஆய்வில், கைமுறைச் சிகிச்சையும் அதைத் தொடர்ந்து உடற்பயிற்சியும் செய்தவர்களுக்கு, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட மூன்று மாதத்தில் மிதமான முன்னேற்றம் தெரிந்தது. ஒரு வருடத்தில் அந்த வித்தியாசம் குறைந்துவிட்டது.

2021-ல் பிரான்ஸில் 400 பேரிடம் நடந்த ஆய்வு இன்னும் கறாரானது. பாதிப் பேருக்கு உண்மையான ஆஸ்டியோபதி, மீதிப் பேருக்கு வெறுமனே கை வைத்து எடுக்கும் போலிச் சிகிச்சை. இரு வாரத்துக்கு ஒரு முறை என ஆறு அமர்வுகள். அன்றாட வேலைகளில் உள்ள சிரமத்தை 100 புள்ளி அளவுகோலில் அளந்தார்கள். மூன்று மாதத்தில் உண்மையான சிகிச்சை பெற்றவர்களுக்குச் சராசரியாக 4.7 புள்ளி குறைந்தது. போலிச் சிகிச்சை பெற்றவர்களுக்கு 1.3 புள்ளி. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் நோயாளி உணரும் அளவுக்குப் பெரியதா என்பது சந்தேகம் என்று ஆய்வாளர்களே எழுதினார்கள்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் பதில் இதுதான்: கீழ் முதுகு வலிக்கு ஆஸ்டியோபதி உதவலாம். ஆனால் அந்த உதவி சிறிய அளவிலானது. உடற்பயிற்சியோடு சேர்த்துச் செய்தால் பலன் அதிகம்.

பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி அமைப்பான 'நைஸ்' 2016-ல் சொன்னதும் இதையே. கைமுறைச் சிகிச்சையைத் தனியாகத் தரக்கூடாது, உடற்பயிற்சி அடங்கிய தொகுப்பின் ஒரு பகுதியாக மட்டுமே பரிசீலிக்கலாம் என்கிறது அது. உலக சுகாதார அமைப்பு 2023 டிசம்பரில் நாள்பட்ட முதுகு வலிக்கு வெளியிட்ட முதல் வழிகாட்டுதலிலும் முதுகெலும்புக் கைமுறைச் சிகிச்சை, மசாஜ், உடற்பயிற்சி ஆகியவை இடம்பெற்றன. நம் ஊரில் சகஜமாகப் பரிந்துரைக்கப்படும் இடுப்பு பெல்ட், டிராக்‌ஷன் இரண்டும் வழக்கமான சிகிச்சையாக வேண்டாம் என்ற பட்டியலில் இருந்தன என்பது கவனிக்க வேண்டிய விஷயம்.

'எனக்கு ஒரே நாளில் சரியாகிடுச்சே?'

இப்படிச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. திடீரெனப் பிடித்துக்கொள்ளும் முதுகு வலி பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே குறையும். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் சிகிச்சைக்குப் போகிறோம். அதற்குப் பிறகு அது இறங்கத்தான் செய்யும். எந்தச் சிகிச்சை எடுத்தாலும் பாராட்டு அந்தச் சிகிச்சைக்கே போய்ச் சேரும்.

அதோடு, ஒருவர் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து நம் வலியைக் கேட்பதும், 'பயப்படாதீங்க, நடங்க' என்று தைரியம் சொல்வதும் வலியைக் குறைக்கும். அவசர கதியில் இயங்கும் மருத்துவமனைகளில் கிடைக்காத நேரம் இங்கே கிடைக்கிறது. நோயாளிகள் ஆஸ்டியோபதியை விரும்ப இதுவும் ஒரு காரணம்.

எந்தெந்த நோய்களுக்கு ஆதாரம் இல்லை?

கழுத்து, தோள்பட்டை வலிக்கு ஆதாரம் குறைவு. ஒற்றைத் தலைவலி, மாதவிடாய் வலி, செரிமானக் கோளாறு, மனச்சோர்வு, குழந்தைகளின் இடைவிடாத அழுகை போன்றவற்றுக்கு நல்ல ஆதாரம் இல்லை என்கிறது பிரிட்டனின் பொது சுகாதார சேவையான என்.எச்.எஸ்.

இதில் 'கிரேனியல் ஆஸ்டியோபதி' என்று ஒரு பிரிவு உண்டு. ஸ்டில்லின் கல்லூரியில் படித்த வில்லியம் சதர்லேண்ட் உருவாக்கியது. மண்டை ஓட்டு எலும்புகள் மிக நுட்பமாக அசைகின்றன, அதை மென்மையாகத் தொட்டுச் சரிசெய்யலாம் என்பது இதன் அடிப்படை. பெரியவர்களின் மண்டை ஓட்டு எலும்புகளைக் கையால் அப்படி அசைக்க முடியும் என்பதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை. பச்சிளம் குழந்தைகளுக்கு இதைச் செய்யலாம் என்று யாராவது சொன்னால், முதலில் குழந்தை மருத்துவரிடம் கேட்பதே நல்லது.

ஆபத்து எங்கே இருக்கிறது?

மென்மையான கைமுறைச் சிகிச்சையில் பெரிய ஆபத்து அரிது. அதிகக் கவனம் தேவைப்படும் இடம் கழுத்து.

மூளைக்கு ரத்தம் கொண்டு செல்லும் தமனிகள் கழுத்து வழியாகப் போகின்றன. கழுத்தை வேகமாகத் திருப்பும்போது தமனியின் உட்சுவர் கிழிந்து, பக்கவாதம் ஏற்பட்ட சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. இது அரிதானது. ஏற்கெனவே தமனி கிழிந்ததால் வந்த கழுத்து வலிக்குத்தான் அவர்கள் சிகிச்சைக்கே போனார்களா என்ற விவாதமும் உண்டு. இருந்தாலும், இப்படி ஒரு தொடர்பு காணப்படுவதை நோயாளியிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று அமெரிக்க இதய சங்கம் 2014-ல் அறிவுறுத்தியது.

கழுத்துச் சிகிச்சைக்குப் பிறகு தலைச்சுற்றல், பார்வை இரண்டாகத் தெரிவது, பேச்சுக் குழறல், நடை தள்ளாட்டம் இருந்தால் 'சரியாகிடும்' என்று காத்திருக்கக் கூடாது. உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

எலும்பு மெலிவு நோய் உள்ளவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், ரத்தக் கசிவு நோய் உள்ளவர்கள், எலும்பில் புற்றுநோய் பரவியவர்கள் இந்த வகை அழுத்தச் சிகிச்சைகளைத் தவிர்க்க வேண்டும். குறைந்தபட்சம் தங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

இன்னொரு ஆபத்து தாமதம். முதுகு வலி சில நேரம் பெரிய நோயின் அறிகுறி. கீழே உள்ளவற்றில் எது இருந்தாலும் கைமுறைச் சிகிச்சைக்குப் போகாமல் நேராக மருத்துவமனைக்குப் போவது அவசியம்:

- சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போவது அல்லது சிறுநீர் வராமல் நிற்பது
- தொடையிடுக்கு, ஆசனவாய் பகுதியில் மரத்துப்போவது
- காலில் பலம் குறைந்துகொண்டே வருவது
- காய்ச்சலோடு சேர்ந்த முதுகு வலி
- காரணமில்லாமல் எடை குறைவது, இரவிலும் ஓயாத வலி
- கீழே விழுந்ததற்கோ விபத்துக்கோ பிறகு வந்த வலி
- முன்பு புற்றுநோய் இருந்தவர்களுக்குப் புதிதாக வந்த முதுகு வலி

முதல் இரண்டும் தண்டுவடத்தின் கீழ்ப்பகுதி நரம்புகள் நசுங்குவதைக் காட்டலாம். அதற்குச் சில மணி நேரத் தாமதம்கூட நிரந்தரப் பாதிப்பாக முடியலாம்.

இந்தியாவில் என்ன நிலை?

இந்தியாவில் ஆஸ்டியோபதிக்கென்று தனிச் சட்டமோ, பிரிட்டனில் இருப்பது போன்ற தனி கவுன்சிலோ இல்லை. ஒடிசாவில் உள்ள ஸ்ரீ ஸ்ரீ பல்கலைக்கழகம் போன்ற சில இடங்களில் பட்டப்படிப்பு இருக்கிறது. பிசியோதெரபி படித்துவிட்டு ஆஸ்டியோபதியில் கூடுதல் பயிற்சி எடுத்து, பெருநகரங்களில் கிளினிக் நடத்துபவர்களும் உண்டு.

இதன் பொருள், பலகையில் 'ஆஸ்டியோபதி' என்று இருப்பதை வைத்து மட்டும் அவர் எவ்வளவு படித்தவர் என்று நோயாளியால் கண்டுபிடிக்க முடியாது. பல ஆண்டு படித்தவரும் அந்தப் பலகையை வைக்கலாம், சில வாரப் பயிற்சி முடித்தவரும் வைக்கலாம். சரிபார்க்கும் பொறுப்பு நோயாளியின் தலையில் விழுகிறது.

போவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள்

- உங்கள் அடிப்படைப் படிப்பு என்ன? எங்கே, எத்தனை ஆண்டு படித்தீர்கள்?
- கழுத்தை வேகமாகத் திருப்பும் சிகிச்சை செய்வீர்களா? அது வேண்டாம் என்றால் மாற்று உண்டா?
- எத்தனை அமர்வுகள்? எப்போது பலன் தெரியும்? தெரியாவிட்டால் என்ன செய்வீர்கள்?
- வீட்டில் செய்ய என்ன உடற்பயிற்சி சொல்லித் தருவீர்கள்?

கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லை என்றால் யோசிக்க வேண்டும். முதல் நாளே பெரிய தொகைக்கு 'பேக்கேஜ்' கட்டச் சொன்னாலும், சர்க்கரை நோய் மாத்திரையையோ ரத்த அழுத்த மாத்திரையையோ நிறுத்தச் சொன்னாலும் எழுந்து வந்துவிடுவதே நல்லது.

மொத்தத்தில், அமெரிக்காவில் டி.ஓ. என்றால் முழுமையான டாக்டர். மற்ற இடங்களில் ஆஸ்டியோபத் என்றால் கைமுறைச் சிகிச்சையாளர். முறையாகப் படித்தவரிடம் போனால் கீழ் முதுகு வலி ஓரளவு குறையலாம், வலி மாத்திரைகளும் குறையலாம். ஆனால் அந்த மேசையிலிருந்து இறங்கிய பிறகு நடப்பதும், பயிற்சி செய்வதும், ஒரே இடத்தில் மணிக்கணக்கில் உட்காராமல் இருப்பதும் நம் கையில்தான் இருக்கிறது.